அக்கா சொன்ன ‘ம்’

ஜூன் 3, செவ்வாய்

அக்கா ‘ம்’ என்று சொல்லும்போதெல்லாம் அந்த சாரின் பேனா தாளில் இறங்கியது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம். அதனால் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி, நானும் கோமதி அக்காவும் திருநெல்வேலிக்குப் போனோம். கோர்ட்டில் சொன்ன ஆஸ்பத்திரி. அக்காவிடம் பேசிப் பார்த்து, அவள் குணம் எப்படி என்று எழுதித் தரவேண்டுமாம். அவளுக்குக் குணமே சரியில்லை, பிள்ளையை அவளிடம் விட்டால் ஆபத்து என்று அத்தான் மனு கொடுத்திருக்கிறார்.

பிள்ளை என்றால் தன்ஷிகா. மூன்று வயசு. அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தாள். மாசி மாதம் அத்தான் வந்தார். வண்டியில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். அப்படியே சுரண்டையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். தன்ஷி இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நல்லபடியாக எழுதினால் வருவாள். இல்லாவிட்டால் வரமாட்டாள்.

கேள்வி கேட்டவர் ஹரிகரன் சார். சின்ன வயசுதான். வெளியே நிறைய பேர் காத்திருந்ததால் கதவைக் கதவைப் பார்த்தபடி கேட்டார். அக்கா என் கையை விடாததால் என்னையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டார்.

“உங்க மனநிலை அடிக்கடி மாறிக்கிட்டே இருக்குமா?”

“ம்.”

“உள்ளுக்குள்ள எல்லாமே வெறுமையா, காலியா இருக்கிற மாதிரி தோணுமா?”

“ம்.”

“கோபம் வந்தா கையில கிடைச்சதை எறிஞ்சிடுவீங்களா?”

“ம்…”

இந்த ‘ம்’ கொஞ்சம் நீளம். அக்கா மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த அறையின் மூலையில் பிள்ளைகள் தள்ளி விளையாடும் மர வண்டி ஒன்று கிடந்தது. அக்கா அதன் பிறகு அதையேதான் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னாள்: “நல்ல சாருதான், என்னட்டி? ஆனா கேள்வியா கேட்டுக்கிட்டே இருந்தாவ. நான் எங்க பதில் சொன்னேன்? சொல்ல விட்டாத்தான?”

ஜூன் 4, புதன்

நான் வேலை பார்க்கும் எலுமிச்சைக் கடையில் இன்று நிறைய மூட்டை. பெரிசு, நடுத்தரம், புண் விழுந்தது என்று பிரித்துக் கொட்டினேன். விரல் இடுக்கில் சாறு பட்டு எரிகிறது.

அக்கா தன்ஷியின் கவுன்களைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். போன வாரமும் துவைத்தாள்.

ஜூன் 7, சனி

மழை இல்லை, சாரல் மட்டும். அம்மா பீடி சுற்றிக்கொண்டே பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொன்னாள். அக்கா இலை வெட்டினாள். நான் கட்டு கட்டினேன். எங்கள் வீட்டில் அம்மா பேச்சைத் தொடங்கினால் யாராவது ‘ம்’ கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் நிறுத்தினால் போதும்.

“கேக்கியளா, இல்ல செவுத்துக்கிட்டப் பேசுதனா?”

“கேக்கம்மா, சொல்லு.”

“ஒரு ‘ம்’ வந்தாத்தான எனக்கு மேக்கொண்டு வரும்.”

மத்தியானம் அக்காவின் வக்கீலம்மா போன் செய்தார். அம்மா கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“முதல்ல பார்த்த சார் எழுதிட்டார்மா. ஆளுமைக் கோளாறு இருக்குன்னு எழுதியிருக்காராம்.”

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “கோளாறாத்தான் இருப்பா! எந்த வேலையைக் கொடுத்தாலும் எம் மவ கோளாறா செய்வா. அந்தத் தம்பி கண்டுபிடிச்சிட்டாவளே.”

எங்கள் ஊரில் ஒரு வேலையைச் சூதானமாக, பக்குவமாகச் செய்தால் கோளாறாகச் செய்தான் என்றுதான் சொல்வோம். வக்கீலம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். இது அந்தக் கோளாறு இல்லை. பிறவிக் குணமே கோணலாக இருக்கிறது, அதனால் கூட இருப்பவர்களுக்குக் கஷ்டம் என்று அர்த்தம். ஆனால் இதுவே முடிவில்லை. இன்னொரு பெரிய டாக்டர் தனியாகப் பார்ப்பார். இருவர் சொல்வதும் ஒன்றாக இருந்தால்தான் கோர்ட்டுக்குப் போகும்.

அம்மாவின் கையிலிருந்த பீடி பிரிந்து தூள் மடியில் கொட்டிவிட்டது. அக்கா இலை வெட்டுவதை நிறுத்தவே இல்லை. இலை தீர்ந்த பிறகும் கத்தரிக்கோல் கொஞ்ச நேரம் சும்மா ஓடியது.

“நீ அங்க என்னத்தட்டி சொல்லித் தொலைச்ச?” என்று அம்மா கேட்டாள்.

“நான் ஒண்ணுமே சொல்லலம்மா. சத்தியமா ஒண்ணுமே சொல்லல.”

ஜூன் 8, ஞாயிறு

அவள் உண்மையாகவே ஒன்றும் சொல்லவில்லை. நான் கூட இருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அடுத்த தடவை எது கேட்டாலும் ‘இல்ல’ என்று சொல்லவேண்டும். “ஆமான்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. பிள்ளை வேணுமா, வேண்டாமா?”

கேள்வி கேட்கும் வேலை எனக்கு. ஹரிகரன் சார் கேட்டதெல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். டீச்சர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியும். எழுந்து நின்றால் சத்தம் வராது. பத்தாவதோடு நின்றுவிட்டேன்.

அக்காவிடம் மட்டும் எனக்குச் சத்தம் வரும்.

“கோபம் வந்தா எறிவீங்களா?”

“எப்பவாச்சும்…”

“இல்லன்னு சொல்லணும்க்கா.”

“ஒரு தடவை சட்டியைத் தூக்கி எறிஞ்சேம்லா. ஒங்க அத்தான் என் போனை ஒடைச்ச அன்னைக்கு.”

“அதைச் சொல்லக்கூடாது.”

“சரி. இல்ல.”

“செத்துப் போகலாம்னு நினைச்சிருக்கீங்களா?”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “இல்ல” என்றாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

கடையிலிருந்து வந்தபோது அக்கா வீட்டில் இல்லை. அம்மா பீடிக் கடைக்குப் போயிருந்தாள். தெருவில் யாருக்கும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்தேன். பூக்கடைக்காரம்மாவிடம் கேட்கலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். “என்ன வேணும் பாப்பா?” என்றார். ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா வந்தாள். சட்டைத் துணி எடுக்கச் சங்கரன்கோவிலுக்குப் போனாளாம். கையில் துணி இல்லை. பையில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. எல்லாம் நொறுங்கித் தூளாகியிருந்தது. தன்ஷிக்குப் பிடித்த பிஸ்கட். சுரண்டை பஸ்ஸும் சங்கரன்கோவில் பஸ்ஸும் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

பூவை அக்கா தலையில் வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாவது தடவை. பெரிய டாக்டர் பெயர் ஜெபராணி மேடம். நரைத்த முடி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுகிறார். நான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேடம் அவசரப்படவில்லை. ஒரு கேள்வி கேட்பார். பிறகு பேசாமல் இருப்பார். அக்கா நாங்கள் பழகியபடியே சொன்னாள்.

“யாராவது விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயம் வருமா?”

“இல்ல மேடம்.”

“எதையாவது எறிஞ்சிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

“உங்களை நீங்களே காயப்படுத்திக்கிட்டது உண்டா?”

“இல்ல மேடம்.”

“யாரு மேலயாவது கோபமாவது வருமா?”

“இல்ல மேடம்.”

“பிள்ளையைத் தூக்கிட்டுப் போனவர் மேலகூட?”

அக்கா உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். இந்தக் கேள்வியை நாங்கள் பழகவில்லை.

“இல்ல மேடம்.”

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். பிறகு, “காலையில சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம்.”

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு மூன்று இட்லி சாப்பிட்டிருந்தோம்.

மேடம் சிரிக்கவில்லை. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரவேண்டும், அன்றைக்கு அக்காவோடு வீட்டில் இருக்கிற ஒருவரிடம் பேசவேண்டும் என்று சொன்னார்.

ஜூன் 18, புதன்

யார் பேசுவது என்று வீட்டில் சண்டை. அம்மா பேசினால் அத்தானின் தாத்தா காலத்திலிருந்து தொடங்குவாள், அது வேண்டாம் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். அப்பா கேரளாவில் பேக்கரி வேலை. லீவு கிடைக்காது. ஆக, நான்.

“இவளா?” என்று அம்மா கேட்டாள். “கடையில சில்லறை பாக்கியைக்கூட இவ வாயைத் திறந்து கேக்கமாட்டாளே.”

“அதான் நல்லதும்மா,” என்று அக்கா சொன்னாள். “பேசாம இருந்தா தப்பே வராது.”

அதை அவள் விளையாட்டாகச் சொன்னாளா என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் கடையில் இருந்தபோது அம்மா ஆள் அனுப்பினாள். ஓடிப்போனேன். அக்கா பாத்ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் இடது கையில் சேலைத் துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெரு நர்ஸம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தோம்.

காலையில் சுரண்டையிலிருந்து யாரோ அக்காவுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்களாம். தன்ஷி அதில் அத்தானின் அம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிடுகிறாள்.

“யாரு கேட்டாலும் மீன் அறுக்கையில அருவாமணை பட்டுட்டுன்னு சொல்லணும்,” என்று அம்மா எங்கள் இருவரிடமும் சொன்னாள். நர்ஸம்மாவிடமும் அப்படித்தான் சொன்னாள்.

நானும் அப்படியே எழுதுகிறேன். மீன் அறுக்கும்போது பட்டது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை.

ஜூன் 21, சனி

கடைக்குப் போகவில்லை. அரிவாள்மணையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். இலை வெட்டும் கத்தரிக்கோலையும் கொடுத்துவிட்டேன். அவர்கள் கேட்டிருந்தார்கள்.

“யாருட்டி கேட்டா?” என்று அம்மா கேட்டாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “சரி, முட்டையை அவி,” என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

அக்கா தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தேன். தூக்கத்தில் அவள் இடது கை எதையோ தேடுவது போலப் பாயைத் தடவியது. தன்ஷி அந்தப் பக்கம்தான் படுப்பாள்.

ஜூன் 23, திங்கள்

நாளைக்கு அக்கா போட்டுக்கொள்ள என்னுடைய முழுக்கைச் சுடிதாரை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். மணிக்கட்டில் பொத்தான் வைத்தது. கட்டு வெளியே தெரியாது.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். ஜெபராணி மேடமும் ஹரிகரன் சாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் இரண்டு தாள் இருந்தது. இருவரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தானாம். ஆனால் ஒன்று தெற்கே போகிறது, ஒன்று வடக்கே போகிறது என்று மேடம் சொன்னார். அதனால்தான் நான்.

“பயப்படாதே. உங்க அக்காவைப் பத்தித்தான் கேக்கப்போறோம்,” என்று சார் சொன்னார். “அவங்க திடீர்னு கோபப்படுவாங்களா?”

நான் அவர் பேனாவையே பார்த்தேன். “ம்” என்றேன்.

“பொருளை எறிவாங்களா?”

“ம்.”

“அவங்ககூட இருக்க உனக்குப் பயமா இருக்குமா?”

“ம்.”

அவர் ஒவ்வொன்றாக எழுதினார். எனக்கு அந்தப் பேனாவை நிறுத்தவேண்டும் போல இருந்தது. வாயில் ஒன்றும் வரவில்லை.

அப்போது மேடம் நிமிராமலே கேட்டார்: “உங்க அக்கா ரொம்ப அமைதியானவங்களா?”

“ம்.”

“கோபமே வராதா?”

“ம்.”

சார் சிரித்துவிட்டார். “என்ன மேடம், ரெண்டு பக்கமும் ஆமா போடுறா!”

சொல்லி முடிக்கும் முன்னாலேயே அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தான் எழுதியதைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, அக்காவிடம் கேட்டு எழுதிய அந்தப் பழைய தாளை எடுத்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“மேடம், அவங்க அக்காவும் அன்னைக்கு இப்படித்தான்… நான் ஒரு கேள்விக்குக்கூட ‘எப்போ, என்ன நடந்துச்சு’ன்னு திருப்பிக் கேக்கல. வெளிய கூட்டம்.”

“ம்,” என்றார் மேடம்.

“இப்ப நீங்க சொன்ன ‘ம்’முக்கு என்ன அர்த்தம் மேடம்?”

“கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். மேல சொல்லுங்க.”

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அவர் அந்தத் தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, “சாரிம்மா,” என்று என்னிடம் சொன்னார். என்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது மேஜையில் ஒரு தாள்தான் மிச்சம். மேடம் அதை என் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாக் கேள்விக்கும் நேராக ‘இல்லை’ என்றே எழுதியிருந்தது.

“இது நான் கேட்டு எழுதினது. இதுல உங்க அக்காவுக்கு ஒரு குறையும் இல்ல. இதை நம்பிக் கோர்ட்டுக்கு அனுப்பலாமா?”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். அவசரமே இல்லை அவருக்கு. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

இந்தத் தடவை நான் ‘ம்’ என்றால் ஆமாம் என்றே எடுத்துக்கொள்வார். அது போதும். தன்ஷி வீட்டுக்கு வருவாள். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். அக்காவுக்குப் பக்கத்தில் பாயில் தன்ஷி படுப்பாள். அக்காவின் கையில் என்ன கட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மறுபடி ஒரு வீடியோ வந்தால், அத்தான் வாசலில் வந்து நின்று கத்தினால், அன்றைக்கு நான் எலுமிச்சைக் கடையில் இருப்பேன். அம்மா பீடிக் கடைக்குப் போயிருப்பாள். வீட்டில் அக்காவோடு தன்ஷி மட்டும் இருப்பாள்.

“வேண்டாம் மேடம்,” என்றேன்.

என் சத்தம் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

“ஏன்மா?”

“அது நான் சொல்லிக் கொடுத்தது. எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லணும்னு. நாந்தான் கேள்வி கேட்டுக் கேட்டுப் பழக்குனேன். அன்னைக்கு நாங்க இட்லி சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்.”

“இட்லி எனக்குத் தெரியும்,” என்றார் மேடம். “உங்க அக்கா சேலையில சட்னி இருந்துச்சு. மத்ததைச் சொல்லு.”

சொன்னேன். சட்டியை எறிந்ததைச் சொன்னேன், அன்று அத்தான் போனை உடைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். பிஸ்கட் பாக்கெட்டைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். மீன் அறுத்தபோது பட்டது என்று சொல்லவில்லை. சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் எப்போ இருந்து?” என்று மேடம் கேட்டார். “சின்னப் பிள்ளையில இருந்தே இப்படியா? உன் வயசுல எப்படி இருந்தாங்க?”

“இல்ல மேடம். இது சொல்லிக் கொடுத்த ‘இல்ல’ கிடையாது. நெசமாவே இல்ல. எங்க அக்கா தெருவுல போற நாய்க்குட்டியக்கூட அதட்டமாட்டா. சட்டியை எறிஞ்சது அந்த ஒரு தடவைதான். மத்ததெல்லாம் மாசியில இருந்துதான். பிள்ளையைத் தூக்கிட்டுப் போனதுல இருந்துதான்.”

மேடம் சாரைப் பார்த்தார். சார் தலையாட்டினார். அவர்கள் இருவரும் இங்கிலீஷில் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை. நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“மேடம், நான் சொன்னதால பிள்ளை கிடைக்காமப் போயிருமா?”

“தெரியாதும்மா.” அவர் தன்னுடைய தாளின் குறுக்கேயும் கோடு போட்டார். “கிடைக்கும்னு உனக்கு ஆசை காட்டமாட்டேன். குணமே இப்படியா, இல்ல பிள்ளையைப் பறிச்ச வலியான்னு ரெண்டு தடவையும் நாங்க கேக்கவே இல்ல. இனிமேதான் கேக்கப்போறோம். அவங்க கைக்கு முதல்ல மருந்து பார்க்கணும், மனசுக்கும் பார்க்கணும். அது கோர்ட்டுக்காக இல்ல.” புதிதாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். “போய் அவங்களைக் கூட்டிட்டு வா. மெதுவா வாங்க.”

நான் வெளியே போனேன். அக்கா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“என்னட்டி கேட்டாவ? ஒண்ணும் சொல்லலேல்லா?”

“சொன்னேன்க்கா.”

“என்னத்தச் சொன்ன?”

“எல்லாத்தையும்.”

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கை மேலே வந்தது. வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது. அவளுக்கு மூச்சு வாங்கியது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

அவளைத் திரும்பவும் பெஞ்சில் உட்கார வைத்தேன். முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் இடது கையை என் மடியில் எடுத்து வைத்து, மணிக்கட்டில் இருந்த பொத்தானைக் கழற்றினேன். சட்டைக் கையைக் கட்டு தெரியும்வரை மடித்துவிட்டேன். பிறகு அவளை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.